கப்பல் அண்ணாச்சியின் சீனா

பாஸ்போர்ட், விசா, அம்மை ஊசி என்று எந்தத் தொந்தரவும் இல்லாமல் உலகத்திலேயே அதிகத் தடவை சீனாவுக்குப் போய் வந்த மனிதர் யார் என்று கேட்டால், எங்கள் கப்பல் அண்ணாச்சி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மாசத்துக்கு ஒரு தடவை சீனா. அதுவும் மனைவியோடு, எலுமிச்சம்பழச் சாதத்தோடு. சுதந்திரம் வந்த புதிதில் பெரிய பெரிய தலைவர்களுக்கே கிடைக்காத பாக்கியம் அது. விளக்கு வைப்பதற்குள் வீட்டுக்கும் திரும்பிவிடுவார்.

அப்போது நான் திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. திருநெல்வேலியிலிருந்து போனவன். பழவங்காடிப் பிள்ளையார் கோவிலுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்றில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் அண்ணாச்சியும் அவர் மனைவியும். அண்ணாச்சிக்குச் சொந்த ஊர் கன்னியாகுமரிப் பக்கம் கோட்டாறு. சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசி மண்டியில் கணக்கப்பிள்ளை. அவருடைய நிஜப் பெயர் அவருக்கும் அவரைப் பெற்றவர்களுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் கப்பல் அண்ணாச்சிதான்.

இத்தனைக்கும் அவர் கப்பலில் ஏறியதே கிடையாது. வாலிபத்தில் கப்பலேறி உலகம் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி இருந்திருக்கிறது. அதற்கு ஒத்திகையாக விழிஞ்ஞத்துக்குப் போய், மீன்பிடிக்கிறவர்களைக் கெஞ்சி ஒரு வள்ளத்தில் ஏறினார். கரை மறையவில்லை. கரையில் நின்றவர்களின் முகம்கூட மறையவில்லை. அதற்குள் அண்ணாச்சிக்கு முந்தின தீபாவளிக்குச் சாப்பிட்டது வரைக்கும் வெளியே வந்துவிட்டதாம். நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து மணலில் போட்டார்கள். அன்றைக்கு வைத்த பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவரிடமே இதைக் கேட்டால் கோபப்பட மாட்டார். “கடல்ல ஒரு குத்தமும் இல்ல தம்பி. நம்ம வயிறு கரை வயிறு” என்பார்.

அப்படிப்பட்டவர் சீனாவுக்கு எப்படிப் போனார் என்று கேட்பீர்கள். நடந்துதான்.

ஊருக்கு வடக்கே, சாஸ்தமங்கலம் போகிற வழியில் ஒரு பழைய பெரிய வீட்டுத் தோட்டம் இருந்தது. அந்தக் குடும்பத்துக்குத் தலைவராக இருந்த காரணவர் ஒருவர் எந்தக் காலத்திலோ லண்டனுக்குப் போய் வந்தவர். அங்கே பிரபுக்களின் தோட்டங்களில் ஒரு மூலையில் சீனத்து மண்டபம், இன்னொரு மூலையில் துருக்கிக் கூடாரம், மரத்தடியில் இடிந்த கிரேக்கக் கோவில் என்று அழகுக்காகக் கட்டி வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்ததும் ஆசாரிமாரைக் கூப்பிட்டு எனக்கும் அதெல்லாம் வேண்டும் என்றார். ஆசாரிமார் சீனாவையும் கண்டதில்லை, துருக்கியையும் கண்டதில்லை. காரணவர் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னதை வைத்துக் கட்டினார்கள். ஆனால் என்ன கட்டினார்கள் தெரியுமா! சீனத்து மண்டபத்துக்கு மூன்று அடுக்குக் கூரை. மூலைகளெல்லாம் மேல்நோக்கி வளைந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வெண்கல மணி. தூண்களுக்குக் குங்குமச் சிவப்பு. கூரை முகட்டில் வாயைப் பிளந்தபடி, உடம்பை நெளித்துக்கொண்டு நான்கு மரப் பிராணிகள். காற்று அடித்தால் மணியெல்லாம் ஒன்றாக அசையும். நான் கேலி பேசுகிறவன்தான். ஆனால் அந்த மண்டபத்தை முதலில் பார்த்தபோது மூன்று தடவை சுற்றிச் சுற்றி வந்தேன்.

காரணவர் போன பிறகு மலையாள வழக்கப்படி சொத்துக்கு வந்த சகோதரி பிள்ளைகளுக்கு அதில் அக்கறை இல்லை. காவல்காரன் குட்டப்பனுக்கு வெற்றிலை கொடுத்தால் யாரும் உள்ளே போகலாம். ஆனால் போகிறவர்தான் யாரும் இல்லை, எங்கள் அண்ணாச்சியைத் தவிர.

அவருக்கு அது தோட்டம் இல்லை, பூகோளம். முதல் ஞாயிறு சீனா. இரண்டாவது ஞாயிறு துருக்கி. மூன்றாவது ஞாயிறு கிரீஸ். நான்காவது ஞாயிறு பிரயாணக் களைப்பு, வீட்டில் படுத்துவிடுவார். திங்கட்கிழமை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் கூட, நேற்று எந்த ஊர் என்று விசாரிப்பார்கள். துருக்கி என்பார். எப்படி இருந்தது என்பார்கள். “சரியான வெக்கை” என்பார். அது பொய் இல்லை. துருக்கிக் கூடாரம் தகரத்தில் அடித்து நீலமும் வெள்ளையுமாகப் பட்டை போட்டது. உச்சி வெயிலில் உள்ளே அப்பளம் சுடலாம்.

என்னையும் ஒரு ஞாயிறு அழைத்துப் போனார். முந்தின நாளே வந்து, “நாளைக்குச் சீனா. முடி வெட்டிக்கிடும்” என்றார். எதற்கு என்று கேட்டேன். வெளிநாட்டுக்காரன் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பான் என்றார். அந்தத் தோட்டத்தில் அணில்களையும் குட்டப்பனையும் தவிர நினைப்பதற்கு ஆளே கிடையாது என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் முடி போய்விட்டது.

தோட்டத்தின் நடுவே ஒரு தாமரைக்குளம். குளமும் அதைச் சுற்றியிருந்த புல்தரையும் சேர்ந்து கடல் என்பது அண்ணாச்சியின் ஏற்பாடு. ஆகவே எந்த நாட்டுக்கும் ஓரத்துச் செங்கல் பாதையில் சுற்றித்தான் போக வேண்டும். மைனி, அதாவது அண்ணாச்சியின் மனைவி, எல்லாவற்றிலும் நேர்வழிக்காரி. தூக்குச் சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு புல்லில் குறுக்கே நடந்து, நாங்கள் பாதிச் சுற்று வருவதற்குள் சீனாவில் உட்கார்ந்து காலை நீட்டிவிடுவார்.

“பாரும் தம்பி, நடுக்கடல்ல நடந்து போறா” என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொள்வார். அவர் மட்டும் ஒரு நாளும் புல்லில் கால் வைத்ததில்லை. கடல் விஷயத்தில் அவர் பட்ட பாடு அப்படி.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு. சீனாவில் பால் விடாத தேயிலைத் தண்ணீர்தான் குடிக்க வேண்டும். மைனி கொண்டுவரும் கடுந்தேயிலையை அண்ணாச்சி விளக்கெண்ணெய் குடிக்கிற முகத்தோடு குடித்துவிட்டு, நாட்டு வழக்கம் என்பார். கிரீஸுக்குப் போனால் சத்தமாகப் பேசக்கூடாது. துக்க வீட்டுக்குப் போவதுபோல வெறும் வெள்ளை வேட்டி. அங்கே அரையும் குறையுமாக ஒடிந்த தூண்கள், பாதிச் சுவர், உருண்டு கிடக்கும் ஒரு கல் தலை. இது யார் இடித்தது என்று மைனி ஒரு தடவை கேட்டார். கட்டும்போதே இடிந்த மாதிரித்தான் கட்டினார்கள், அதுதான் அழகு என்று அண்ணாச்சி விளக்கினார். மைனி அந்தப் பாதிச் சுவரை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்.

“அப்ப நம்ம அடுக்களைச் சுவரும் கிரீஸ்காரன் கட்டினதுதானா?”

இன்னொரு தடவை நாங்கள் போனபோது, சுற்றுச்சுவரைப் பூச வந்த ஒரு கொத்தனார் மிச்சச் சாந்தை வீணாக்க வேண்டாம் என்ற நல்ல மனசோடு, கிரேக்கத் தூண்களின் ஒடிந்த முனைகளையெல்லாம் வழுவழுவென்று பூசிக்கொண்டிருந்தார். அண்ணாச்சி அந்தப் பெரிய சரீரத்தோடு ஓடியதை நான் அன்றுதான் பார்த்தேன். “ஓய், அது நல்லா இடிஞ்சு இருக்கு. பூசிக் கெடுத்துப் போடாதேயும்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். கொத்தனார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மைனியிடம் வீட்டில் வேறு ஆண்பிள்ளை யாரும் இல்லையா என்று விசாரித்தார்.

ஆனால் அண்ணாச்சிக்கு நிஜமாகவே கோபம் வருகிற விஷயம் ஒன்றே ஒன்றுதான். சீனத்து மண்டபத்தின் முகட்டில் இருந்த அந்தப் பிராணிகளை யாராவது பாம்பு என்று சொல்லிவிடக் கூடாது. நாகராஜா கோவிலைச் சுற்றிப் பிறந்தவர்கள் அண்ணாச்சி பக்கத்து ஆட்கள். திருவனந்தபுரத்துக்காரர்களோ வீட்டுக்கு வீடு பாம்புக்கென்று தோப்பு விட்டு, சர்ப்பக்காவு என்று விளக்கு வைப்பவர்கள். நீளமாக நெளிந்த எதைப் பார்த்தாலும் இரண்டு கூட்டத்துக்கும் முதலில் கைதான் குவியும். குட்டப்பனே அந்தப் பக்கம் போனால் தலைத்துண்டை எடுத்துவிடுவான். அண்ணாச்சி விட மாட்டார். சொன்ன ஆளின் தோளைப் பிடித்துத் திருப்பி, தன் குடை நுனியால் காட்டுவார். “அது டிராகனாக்கும். காலைப் பாரும், கால். பாம்புக்குக் கால் உண்டா?” காலில் நகம் இருக்கிறது, தாடையில் மீசை இருக்கிறது என்று கீழிருந்து மேலாகப் பாடம் நடக்கும். என் தகப்பனார் ஊரிலிருந்து வந்திருந்தபோது அவரையும் பிடித்துக்கொண்டார். கழுத்து வலி தீர அப்பாவுக்கு ஒரு வாரம் தைலம் தேய்க்க வேண்டியிருந்தது.

இவ்வளவு ஞானத்துக்கும் ஆதாரம் என்ன என்று ஒரு நாள் கேட்டேன். பெட்டியைத் திறந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக் காட்டினார். சின்ன வயசில் வாங்கிய சீனவெடிக் கட்டின் மேல் ஒட்டியிருந்த படம். சிவப்பு மையில் ஒரு டிராகன், கால் நகத்தோடு. உலகத்தைப் பற்றி அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான பிறகு பெரிய வீடுகளெல்லாம் ஒவ்வொன்றாகக் கை மாறின. அந்தத் தோட்டத்தையும் கொல்லத்துக்காரர் ஒருவர் வாங்கினார். லாரி முதலாளி. கெட்டவர் இல்லை, நிறைய லாரி வைத்திருந்தார், அவ்வளவுதான். அவற்றை நிறுத்த அவருக்கு ஷெட் வேண்டியிருந்தது. வாசலுக்கு நேரே, மேட்டில், தண்ணீர் தேங்காத இடம் எது என்று பார்த்தார். சீனாதான் இருந்தது.

குட்டப்பன் மூலமாக விஷயம் தெரிந்ததும் அண்ணாச்சி மண்டிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு முதலாளியைப் போய்ப் பார்த்தார். நானும் கூடப் போனேன். மண்டபத்தின் அருமையைப் பற்றி அண்ணாச்சி மூச்சு விடாமல் பேசினார். இப்படி ஒன்றைப் பார்க்க ஜனங்கள் கப்பலேறி மாசக்கணக்கில் போக வேண்டும், உங்கள் கொல்லையில் சும்மா நிற்கிறது என்றார். முதலாளி மரியாதையாக இளநீர் வெட்டிக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அதன் தேக்குமரம் மட்டும் எவ்வளவு தேறும் என்று விசாரித்தார்.

அந்த வாரம் முழுவதும் அண்ணாச்சி சரியாகச் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டுச் சுவர் மெல்லிசு. மைனி எத்தனை தடவை சாப்பிடக் கூப்பிட்டார் என்பது எனக்குக் கேட்கும். வயிற்றுக்குக் கடல் மட்டும் ஒத்துக்கொண்டிருந்தால் இந்த மனிதர் எத்தனை துறைமுகம் பார்த்திருப்பார். அது இல்லை என்று ஆனபோது அழாமல், குறை சொல்லாமல், குட்டப்பனுக்கு வெற்றிலை கொடுத்து ஓர் உலகத்தைத் தேடிக்கொண்டார். அதுவும் போகப் போகிறது. அவருக்காக என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சீனா ஞாயிறு. கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டு வருவோம் என்று மூன்று பேரும் போனோம். அண்ணாச்சி அன்றைக்கும் முடி வெட்டியிருந்தார்.

மண்டபத்தின்மேல் ஏணி சாய்ந்திருந்தது. ஆனால் ஏணியில் ஆள் இல்லை. வேலைக்காரர்கள் எல்லோரும் தூரத்தில் பலா மரத்தடியில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடந்தது இதுதான். மூத்தாசாரி மேலே ஏறி முகட்டில் முதல் ஓட்டைப் பெயர்த்திருக்கிறார். ஓட்டுக்குள்ளிருந்து ஒரு சாரைப்பாம்பு புறப்பட்டு, அந்த மரப் பிராணியின் முதுகு வழியாகவே நிதானமாக ஊர்ந்து, பிளந்த வாய்க்குள் போய் மறைந்துவிட்டது. மூத்தாசாரி கீழே இறங்கி, குளத்தில் கைகால் கழுவி, உளியைத் துணியில் சுற்றி வைத்துவிட்டார். தன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும், இனி இதில் கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முதலாளி குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். போலீஸுக்கும் பாங்கிக்கும் பயப்படாதவர் அவர். ஆனால் அவர் அம்மா வீட்டிலும் சர்ப்பக்காவு உண்டு. எங்களைக் கண்டதும் வேகமாக வந்தார்.

“அண்ணாச்சி, நிங்ஙளுக்கு இதொக்கெ தெரியுமல்லோ. சத்தியம் பறயணும். மேலே இருக்கிறது பாம்பாணோ, அல்லயோ?”

எனக்கு அடுத்தது என்ன என்று தெரியும். தோளைப் பிடிப்பார், குடையைத் தூக்குவார், நகத்திலிருந்து ஆரம்பிப்பார். இத்தனை வருஷமாக யார் கேட்டாலும் ஒரே பதில். வாயை மூடிக்கொண்டிரும் அண்ணாச்சி, உண்மையைச் சொல்லிக் குடியைக் கெடுத்துவிடாதேயும் என்று உள்ளுக்குள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன்.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையில் துடைத்தார். மேலே பார்த்தார். குடையைத் தூக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“நாகந்தான்” என்றார்.

மூத்தாசாரியிலிருந்து குட்டப்பன் வரைக்கும் எல்லோரும் மூச்சு விட்டார்கள். முதலாளி மட்டும் வியாபாரி. லேசில் விடுகிறவர் இல்லை. “அப்போள் அந்த கால்?” என்றார்.

அண்ணாச்சி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். “பாம்பின் கால் பாம்பறியும்னு நம்ம பெரியவங்க சொல்லியிருக்காவ முதலாளி. நமக்கு எப்பிடித் தெரியும்? நாம மனுசங்கதானே.”

மைனி வாயைத் திறந்தார். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்திக்கொண்டு சீனத்து டிராகனைப் பார்த்துக் கை கூப்பினார். அதற்குமேல் யாருக்குச் சந்தேகம் வரும்? முதலாளியும் கை கூப்பினார். நானும் கூப்பினேன்.

மண்டபம் பிழைத்தது. லாரிகளுக்கு வேறு இடம் வேண்டுமே. துருக்கியும் கிரீஸும் போயின. கிரீஸை இடிக்க நேரமே ஆகவில்லை என்று மூத்தாசாரி ஆச்சரியப்பட்டாராம்.

அடுத்த மாசம் பழக்க தோஷத்தில் தூக்குச் சட்டியோடு போனோம். மண்டபத்தைச் சுற்றிக் கம்பி வேலி. சிவப்புத் தூண்களில் மஞ்சள் பூசியிருந்தது. ஆயில்ய நட்சத்திரத்தன்று நாகத்துக்கு மஞ்சள் கலந்த மாவும் பாலும் படைக்க ஒரு நம்பூதிரி வருகிறார், அவரைத் தவிர யாரும் உள்ளே ஏறக்கூடாது என்று குட்டப்பன் சொன்னான். அண்ணாச்சி சொன்னதால்தானே இதெல்லாம் என்று பெருமையாக வேறு சொன்னான். அவர் தலையை ஆட்டினார். குளத்துக்கு இப்பால், செங்கல் பாதையிலேயே உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சாதம் சாப்பிட்டோம். மைனி தேயிலையை ஊற்றிக் கொடுத்தார். அதில் பால் விட்டிருந்தது. அண்ணாச்சி குடித்துப் பார்த்துவிட்டு மைனியைப் பார்த்தார்.

“சீனாவுக்குள்ள போனாத்தானே நாட்டு வழக்கம்? இப்ப கப்பல்லதானே இருக்கோம்” என்றார் மைனி. அந்த அம்மாள் அப்படி அவர் பாஷையிலேயே பேசி அன்றுதான் கேட்டேன். அண்ணாச்சி சிரித்துவிட்டார்.

அதன் பிறகும் அவர் மாசம் தவறாமல் போனார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நாகதோஷம் தீர வந்தவர்கள் அவரை ரொம்பப் பெரிய பக்தர் என்று நினைத்து வழிவிடுவார்கள்.

ஒரு நாள் பினாங்கிலிருந்து திரும்பிய ஒரு ராவுத்தர், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர், மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சத்தமாகச் சொன்னார், இது பாம்பு இல்லையே, சீனர்களின் டிராகன் அல்லவா, அங்கே கோவிலுக்குக் கோவில் இதுதானே என்று. வாழ்நாள் முழுவதும் அண்ணாச்சி காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். அது வந்தபோது கையில் பால் செம்போடு பத்துப் பதினைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். லாரி முதலாளியின் வேலையாட்களும் அதில் இருந்தார்கள்.

“ஓய், தெரியாமப் பேசாதேயும். அது நாகம்” என்று அண்ணாச்சி அவர் மேல் பாய்ந்தார். கால் இருக்கிறதே என்றார் ராவுத்தர். கால் இருந்தால் என்ன, தெய்வத்துக்கு எதுவும் இருக்கும் என்றார் அண்ணாச்சி. ஜனங்கள் அண்ணாச்சி பக்கம் சேர்ந்துகொண்டார்கள். ராவுத்தர் எதற்கு வம்பு என்று கிளம்பிவிட்டார்.

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் அண்ணாச்சி பின்னாலேயே போய்ப் பிடித்துவிட்டார். நான் கூட ஓடினேன், அடித்துவிடப் போகிறாரோ என்று. அண்ணாச்சி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்:

“பாய், கோவிச்சுக்கிடாதேயும். நெசமாவே அங்கயும் கால் இப்பிடித்தான் இருக்கா?”

“அப்படியே” என்றார் ராவுத்தர். “நகம் உள்பட.”

அண்ணாச்சியின் முகம் அப்போது இருந்த மாதிரி நான் எந்தக் கல்யாண மாப்பிள்ளையின் முகத்தையும் பார்த்ததில்லை.

கன்னியாகுமரிப் பக்கமெல்லாம் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தபோது அவர்கள் கோட்டாற்றுக்கே போய்விட்டார்கள். பஸ் ஏறும்போது, “பாத்தீரா, கடைசியில நெசமாவே ஒரு எல்லையைத் தாண்டப் போறேன்” என்றார். அதன் பிறகு அவரைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

எவ்வளவோ காலம் கழித்து, என் மகனுக்குப் பினாங்கில் வேலை கிடைத்து, நானும் போனேன். ஒரு தோட்டத்தில் நிஜமான சீனத்து மண்டபத்தைக் காட்டினான். தூரத்திலிருந்தே கண் முதலில் கூரை முகட்டில் காலைத் தேடியது. இருந்தது, நகம் உள்பட. மகன் குறுக்கே புல்தரையில் இறங்கி, வாருங்கள் அப்பா, இது பக்கம் என்றான். அவன் போகட்டும் என்று விட்டுவிட்டு, நான் ஓரமாகச் சுற்றித்தான் போனேன். அண்ணாச்சி என் கூட வந்துகொண்டிருந்தார்.